ஆதம் வந்திறங்கிய நாடு

பாண் வெந்துவரும் மணம் மதிலைத் தாண்டும் பின்னேரத்தில், எங்கள் வீட்டுச் செபமாலை கடைசி மந்திரத்துக்கு வந்திருக்கும். கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் கத்தோலிக்கரான நாங்கள் மட்டும்தான் "வேதக்காரர்"; பக்கத்து வளவில், எல்லாருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்காவின் "போரணை", பாண் என்னும் ரொட்டி சுடும் பெரிய அடுப்பு. அந்த மந்திரத்தில் மாதாவிடம் எங்களைப் "பரதேசிகள்" என்று சொல்லிக்கொள்வோம். தெருவில் அது ஏச்சு, செபத்தில் எங்கள் பெயர்.

அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். பாடப்புத்தகத்தில் நாடு ஓர் இளவரசனின் கப்பலோடு தொடங்கும். அப்பாவுக்கோ அது துரத்தப்பட்டவர்களோடு தொடங்கும்: மேற்குக் கரையில் எங்களுக்கு வேதம் தந்த போர்த்துக்கீசப் பறங்கியர் துரத்திய முஸ்லிம்களான சோனகர், பிறகு ஒல்லாந்தர் துரத்திய நாங்கள், இரு சாராருக்கும் இடம் கொடுத்த கண்டி அரசர்கள்.

மதிலுக்கு மேலால் சூடான பாணை நீட்டும்போது காக்கா சீண்டுவார்.

"ஒங்கட பறங்கி எங்கள விரட்டாட்டி ஒங்களுக்கு ஆரு மாஸ்டர் பாண் சுடுற?"

"பாண் எண்ட சொல்லத் தந்ததே அந்தப் பறங்கிதானே, காக்கா!"

"எல்லாருக்கும் முந்தி இஞ்ச வந்து இறங்கினது எங்கட ஆதம் நபி. அவர்ர பேரில உள்ள மலையில காலடி இரிக்கி."

"ஓம், அவரும் துரத்தப்பட்டு வந்தவர்தான்."

இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பையே நாடு என்று நான் நம்பியிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஊர்கள் ஒன்றையொன்று எரிக்கத் தொடங்கின. சந்திக்கு அந்தப் பக்கம் தமிழர், இந்தப் பக்கம் சோனகர் என்றானபின் வேதக்காரர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. எங்களையும் தமிழர் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு மத்தியானம் காக்கா முதன்முறையாக எங்கள் முன்வாசலால் வந்தார்.

"மாஸ்டர், புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போங்க. வாறவனுகள் எங்கட பொடியனுகள்தான். என்னால மறிக்கேலா."

"அப்ப இந்த முறை எங்கட முறை" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். காக்கா சிரிக்கவில்லை. தோள்துண்டில் சுற்றியிருந்த பாணை அம்மாவின் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

இப்போது மட்டக்களப்பில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நில அளவை படித்த நான் வேலையாக அந்தப் பக்கம் போனபோது வளவைப் பார்த்தேன். மதில் இல்லை. வீடு இல்லை. போரணை இடிந்து, அதற்குள் எருக்கு முளைத்திருக்கிறது. எங்களுக்கு முன்கூட்டிச் சொன்னதற்காகக் காக்காவையும் ஊரில் இருக்க விடவில்லையாம். எங்கே போனாரென்று சொல்ல ஆளில்லை.

வந்து அப்பாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து செபத்தில் "பரதேசிகள்" என்ற இடம் வரும்போது அவர் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார். கேட்டால், "அத ஏன் புள்ள இன்னும் சொல்லவேணும்? மாதாவுக்குக் கண் இருக்குத்தானே" என்கிறார்.