பூட்டுப் பலகை

மட்டாஞ்சேரியில் எங்கள் அரிசிக் கடைக்கு ஷட்டர் கிடையாது. வாசலின் மேலும் கீழும் இருக்கும் பள்ளத்தில் ஆள் உயரப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகித்தான் அடைப்போம். நிரப்பலகை என்பார்கள். ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் வெட்டிய கோடுகள் உண்டு. முதல் பலகைக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு என்று போகும். வரிசை மாறினால் ஒன்றும் பொருந்தாது. கடைசியாக நுழைவது பூட்டுப் பலகை. அதற்குக் கோடு இல்லை, இரும்புக் கொண்டி மட்டும்தான். அது நுழைந்தால்தான் கடை அடைத்ததாக அர்த்தம்.

அந்தக் கடையை ஆயுள் முழுக்க நடத்தியவர் மாமா, அதாவது என் கணவரின் அப்பா. அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியதும் கடையை ஒரு காபிக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டோம். அவர் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டார். பலகைகள் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தன.

எனக்கு மரப் பைத்தியம். எங்கே கட்டடம் இடித்தாலும் என் ஸ்கூட்டர் அங்கே நிற்கும். பழைய ஜன்னல், உடைந்த வள்ளத்தின் பலகை என்று பொறுக்கி வந்து ஸ்க்ரோல் சா மிஷினில் உருவம் அறுத்து விற்பேன். நூல் கனத்தில் ஒரு வாள், தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குதிக்கும். மரத்தைத் திருப்பத் திருப்பக் கோடு வளையும். சீன வலை, படகு, தென்னை. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த மூன்றை விட்டால் கொச்சியில் வேறொன்றும் கண்ணில் படாது. அறுத்து அறுத்துத் தென்னை மரத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மாமா என் வேலையை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. தூசி வருகிறது என்பார், அவ்வளவுதான்.

பலகைகளில் பூட்டுப் பலகைதான் அகலம். ஆஞ்சிலி மரம். ஒரு கணு கிடையாது, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது. பார்த்ததும் கை துறுதுறுத்தது. கணவரைக் கேட்டேன்.

“எடுத்துக்கோ. சும்மாத்தானே கெடக்கு” என்றார்.

மாமா பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டார் என்று தெரியும். ஞாபகம் இல்லாதவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கொண்டியைக் கழற்றி ஆணி டப்பாவில் போட்டேன். பலகையை மூன்றாகத் துண்டாக்கி ஒன்றில் வலை, ஒன்றில் படகு, ஒன்றில் தென்னை அறுத்தேன். காபிக் கடைக்காரரே அவற்றை வாங்கித் தன் சுவரில் மாட்டினார். மாமாவின் கடைக்கே திரும்பிப் போன மரம் என்று எழுதி வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். எத்தனை பேர் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, கடை அடைக்கணும் என்றார். பின்கட்டிலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து முன்வாசல் கிரில்லில் சாய்த்தார். மகன் பெயரே சில நாள் வாயில் வராத மனிதர், கோடுகளைக் கட்டைவிரலால் தடவியே ஒன்றுகூட வரிசை தப்பாமல் அடுக்கினார். கடைசியில் ஒரு பலகை அகலத்துக்கு இடம் மிஞ்சியது.

“பூட்டுப் பலகை எங்க மோளே?”

“அப்புறம் பாக்கலாம் மாமா. சாயா போடட்டா?”

“சாயா பின்னே குடிக்கலாம். கடை தொறந்து கெடக்கு. உள்ள அரிசி இருக்கு.”

கட்டிலுக்கு அடியில் தேடினார். குளியலறையில் தேடினார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். கணவர் புதிதாக ஒரு பலகை வாங்கிவந்து வைத்தார். மாமா அதைத் தொட்டுப் பார்த்து, “இது நம்மளோடது இல்ல” என்று ஓரமாகத் தள்ளினார். கடை திறந்து கிடக்கும்போது அவரால் எப்படிச் சாப்பிட முடியும்? கன்னம் ஒட்டிப்போயிற்று. செய்தது நான், பட்டினி கிடப்பது அவர். எனக்கும் சோறு இறங்கவில்லை.

காபிக் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், மறுபேச்சுப் பேசாமல் மூன்று துண்டுகளையும் கழற்றிக் கொடுத்தார். பின்பக்கம் இரண்டு சட்டம் அடித்து அவற்றை ஒன்றாக்கினேன். ஆணி டப்பாவைக் கவிழ்த்துக் கொண்டியைத் தேடி எடுத்துப் பழைய இடத்தில் முடுக்கினேன். பொழுது சாய்வதற்குள் பின்கட்டில், மற்றப் பலகைகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

அன்று மாமா அதைத் தூக்கிவந்து மிஞ்சிய இடத்தில் வைத்தார். கொண்டியில் கை பட்டதும் முகம் தெளிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு கை கீழே இறங்கியது. வலையின் கண்களுக்குள் விரல் நுழைந்தது.

“யாரோ அறுத்துட்டான்” என்றார்.

கட்டைவிரல் தென்னை ஓலைகளின் விளிம்பில் முனை முனையாக, மெதுவாகப் போயிற்று. கோடுகளைத் தடவும் அதே கவனம்.

“ஆனா நல்ல கை. ஒரு பிசிறு இல்ல. கள்ளனானாலும் வேலை படிச்ச கள்ளன்.”

நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு என் வேலைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. ஒரு காலத்தில் அதற்காக ஏங்கியிருக்கிறேன்.

“நான்தான் மாமா அறுத்தேன்” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

“நீ எதுக்கு மோளே அறுக்கப்போறே? நம்ம கடையாச்சே இது.”

நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டை வழியாக எலி வருமாம், அரிசியைத் தின்றுவிடுமாம். உள்ளே வாருங்கள் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை.

இப்போது சாயங்காலமானால் சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு கையால் சாப்பிடுகிறார். மற்றக் கை ஓட்டையை மூடிக்கொண்டிருக்கிறது.