பட்டியலில் இல்லாத டோரின்

கொட்டாஞ்சேனையில் இராஜநாயகத்தை எல்லாரும் டாலி இராஜன் என்பார்கள். முப்பத்துநான்கு வருடம் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சரி போடுவதுதான் வேலை. பட்டியலில் இல்லாத பெட்டியைத் தேடி அவர் ஒருநாளும் கப்பலுக்குள் இறங்கியதில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தன் ஃபிளாட்டின் முன்னறையில் வேதாகம வகுப்பு நடத்தத் தொடங்கினார். பத்துப் பேர் வருவார்கள். பங்குச் சுவாமியே தடுமாறும் கேள்விக்கும் இவரிடம் பதில் இருக்கும் என்று ஊரில் கதை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவருக்கு மிகவும் பிடித்த பாடம் கடவுளுடைய பெயர். எபிரேயத்தில் நாலே எழுத்து. யூதர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, வாசிக்கும்போது ஆண்டவர் என்றே வாசித்தார்கள். சரியான உச்சரிப்பு இன்றைக்கு யாருக்கும் நிச்சயமில்லை. எரியும் முட்செடிக்கு முன்னால் நின்று மோசே பெயரைக் கேட்டபோது கிடைத்த பதிலை இராஜநாயகம் தன் பாணியில் சொல்வார்: "நான் இருப்பன். நீ கூப்பிடுற இடத்தில வந்து நிப்பன். அதுதான் அந்தப் பேர்."

பிறகு கொக்கி போடுவார். ஆபிரகாமுக்கு எல்லாம் வல்லவராகத்தான் காட்சி கொடுத்தேன், இந்தப் பெயரால் என்னை அவன் அறியவில்லை என்று கடவுள் மோசேயிடம் சொல்கிறார். ஆனால் ஆதியாகமத்தைப் புரட்டினால் ஆபிரகாம் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். இரண்டும் எப்படிச் சரி? பதிலையும் அவரே சொல்வார்: "பேரின்ர சத்தம் அவனுக்குத் தெரியும். வந்து மீட்கிறவர் எண்டதை அவன் கண்ணால காணேல்லை. எபிரேயனுக்குப் பேரை அறியிறது எண்டால் ஆளை அறியிறது."

அந்த வகுப்பில் பதினொரு வருடம் கதவோரக் கதிரையில் இருந்தவள் டோரின். பக்கத்து ஃபிளாட்காரி. இராஜநாயகத்தோடு துறைமுகத்தில் வேலை செய்த ரொனியின் விதவை. பிள்ளை குட்டி இல்லை. பிளவுஸ் தைத்து வெள்ளவத்தைக் கடையொன்றுக்குக் கொடுத்துச் சீவித்தாள். அவருக்குக் காய்ச்சல் என்றால் அவள் வீட்டு அடுப்பில்தான் கஞ்சி வேகும். ஒரு புதன்கிழமை இதே பாடத்துக்கு நடுவில் அவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு பேர் இருக்கு, அண்ணை."

இராஜநாயகம் பேச்சின் உச்சத்தில் இருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். "அதைப் பிறகு கதைப்பம், தங்கச்சி." அந்தப் பிறகு வரவே இல்லை.

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை டோரினின் கதிரை காலியாக இருந்தது. அவருக்குக் கோபம்தான் வந்தது. வியாழன் காலையும் கதவு பூட்டிக் கிடக்க, போனும் அடங்கிக் கிடக்க, வகுப்புக்கு வரும் யூஜினா தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து பார்த்தாள். உள்ளே யாருமில்லை. இராஜநாயகம் பஸ் பிடித்து வெள்ளவத்தைக் கடைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை பிளவுஸ்களைக் கொடுத்துவிட்டுப் போனவள்தான் என்றார்கள். பஸ் தரிப்பில் வெற்றிலை விற்கிறவன், அன்றைக்கு ஒரு அம்மா பஸ் ஃபுட்போட் படியிலிருந்து விழுந்து தலை அடிபட்டதையும், அம்புலன்ஸ் வந்து ஏற்றியதையும் சொன்னான்.

அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால் ஓட்டம்தான். வரவேற்பில் இருந்தவனிடம் சிங்களத்தில் டோரின், கொட்டாஞ்சேனை என்றார். அவன் பதிவைப் பார்த்து, "நம நே, அங்கிள்," என்றான். பெயர் இல்லையாம். ஆனாலும் நல்லவன், செவ்வாய்க்கிழமை விபத்தில் வந்த பெண்களை ஒவ்வொருவராக வாசித்தான். மூன்றாவது பெயர் சிவக்கொழுந்து, முகவரி கொக்குவில், யாழ்ப்பாணம்.

"அது இல்லை. எங்கட ஆள் கத்தோலிக்கம்," என்றார் இராஜநாயகம்.

வேண்டுமானால் வார்டுக்குப் போய் முகத்தைப் பார்க்கலாம், மேல் மாடிதான் என்று அவன் சொன்னான். லிஃப்ட் பழுது. அவருக்கு முழங்கால் வலி. அதைவிட, பட்டியலில் இல்லாததை ஏன் தேடுவான்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அங்கிருந்து வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் டோரினைத் தேடினார்.

சனிக்கிழமை, பொலிசுக்குக் கொடுக்கப் படம் தேடிய யூஜினா, டோரினின் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த ஞானஸ்நானப் பத்திரத்தைக் கண்டெடுத்தாள். கல்யாணத்துக்கு முதல் வாரம் கொடுத்த பத்திரம். ஞானஸ்நானப் பெயர் டோரின். பிறந்தபோது வைத்த பெயர் சிவக்கொழுந்து. ரொனிக்காக மதம் மாறிய பிள்ளை, பழைய பெயரும் கொக்குவில் முகவரியும் இருந்த அடையாள அட்டையை மாற்றாமலே இருந்திருக்கிறாள்; ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்தே பதிந்திருக்கிறார்கள்.

இராஜநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் எழுத்துத் தெரியவில்லை.

முதல் போன ஆஸ்பத்திரியின் மேல் மாடி வார்டில் மிதுனா என்றொரு தாதி, மட்டக்களப்புப் பிள்ளை, அவரை உட்கார வைத்துச் சொன்னாள். அம்மா வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். வியாழன் பின்னேரம் வரை நல்ல நினைவு இருந்தது.

"ஆரையும் கேட்டவவோ?"

"ஓம் ஐயா. பக்கத்து வீட்டு அண்ணை பைபிள் படிப்பிக்கிறவர், புதன்கிழமை என்னைக் காணாட்டி தேடி வருவார் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ. போன் நம்பர் கேட்டனாங்கள், நினைவுக்கு வரேல்லை."

"நான் வந்தனான், பிள்ளை," என்றார் அவர். "வியாழக்கிழமை நாலு மணிக்குக் கீழ நிண்டனான்."

அவர் அழுதார். ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் அவருக்கு அன்றைக்கு இருக்கவில்லை. எழும்பிக் கீழே இறங்கும்போது படிகளை எண்ணினார். நாற்பத்திரண்டு.

அடக்கம் முடிந்த அடுத்த புதன்கிழமை வகுப்புக்கு எல்லாரும் வந்தார்கள். யூஜினா யாத்திராகமத்தை விரித்தாள். இராஜநாயகம் அதை மூடச் சொன்னார்.

"இத்தனை வருஷம் நான் உங்களுக்குச் சொன்னது சத்தம் மட்டும்தான்," என்றார். "பேரை அறிஞ்சவன் படியேறிப் போயிருப்பான். எல்லாரும் உங்கட முழுப் பேரையும் சொல்லுங்கோ. பிறந்த பேர், ஊர், எல்லாம்."

ஒன்பது பேரும் சொன்னார்கள். அவர் பழைய டாலி நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதி, வாய்விட்டு வாசித்து, ஓம் என்ற ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரி போட்டார். கடைசி வரியில் சிவக்கொழுந்து என்று எழுதினார். அதையும் வாய்விட்டு வாசித்து, கதவோரக் கதிரையைப் பார்த்துக் காத்திருந்தார். ஓம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அந்த வரிக்கு அவர் சரி போடவில்லை.