ஆறு மா நிலமும் என் இங்கிலீஷ் வரவேற்புரையும்

கும்பகோணத்தில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தபோது பழைய புத்தகக் கடையில் ஒரு கைடு வாங்கினேன். பேசியே ஊரை ஆட்டிப்படைக்கிற ஆட்களை இங்கிலீஷில் எப்படி வர்ணிப்பது என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. இடது பக்கம் புகழ்கிற வார்த்தைகள்: எலக்வென்ட், பர்சுவேசிவ், கமாண்டிங், கரிஸ்மாட்டிக். வலது பக்கம் திட்டுகிற வார்த்தைகள்: டெமகாக், ஸ்லிப்பரி, மேனிபுலேட்டிவ். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மனப்பாடம் செய்தது இடது பக்கத்தை மட்டும். திட்டுவதற்கு எனக்குத் தமிழே போதும் என்று ஒரு திமிர்.

அப்பா எங்கள் ஊர் மிராசுதாரின் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். எங்கள் வீட்டில் ஐந்து வயிறு அதை நம்பித்தான் இருந்தது. குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீஸில் பெயரைப் பதிந்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று அப்போது சட்டம் இருந்தது. அப்பா பதிந்திருந்தார். யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். மிராசுதாருக்கு அது தெரிந்த நாளிலிருந்து வயிற்றெரிச்சல்.

ஆளும் கட்சியில் ஒரு மேடைப் பேச்சாளர் இருந்தார். பக்கத்து ஊர்க்காரர். மைக்கைப் பிடித்தால் அடுக்குமொழி அருவியாய்க் கொட்டும். மிராசுதார்களை அவர் கிழித்த கிழியைக் கேட்டுத்தான் எங்கள் தெரு அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டது. அவரே ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். "நீங்க குடியிருக்கிற மனைக்குப் பட்டா வாங்கித் தர்றேன். மிராசுதாரோட ஒரு சமாதானக் கூட்டம். ஆளுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். அந்த மனை ஏற்கெனவே அரசாங்க உத்தரவில் எங்களுக்கு வந்த மனை. எங்கள் சொத்தை எங்களுக்கே கொடுக்க வந்தார் அந்த வள்ளல். தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

போகும்போது என்னைப் பார்த்தார். "தங்கச்சி காலேஜ் படிக்கிறீங்களாமே. கூட்டத்துக்கு ஆபீசருங்க வர்றாங்க. என்னைப் பத்தி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசுங்க" என்றார். வாங்க போங்க என்று என்னை அதுவரை யார் கூப்பிட்டார்கள்? எனக்குக் கால் தரையில் இல்லை. மூன்று நாள் கைடை வைத்துக்கொண்டு நான்கு வார்த்தையை நான்கு பக்கமாக்கினேன்.

கூட்டம் மாரியம்மன் கோயில் திடலில் நடந்தது. வெயில் இறங்கும் நேரம். மேடையில் மேஜை போட்டுப் பத்திரங்களை அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு சோடா பாட்டிலை மேலே வைத்திருந்தார்கள். அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் என் நாற்காலி. பத்திரம் தமிழில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கரிஸ்மாட்டிக் என்ற வார்த்தையை எங்கே அழுத்த வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேசினேன். ஒருத்தருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை, கைதட்டல் மட்டும் ஓயவில்லை. அப்புறம் பேச்சாளர் குத்தகைக்காரர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார். முதல் ஆள் அப்பா. மிராசுதார் இருக்கும் இடத்தில் எங்கள் தெரு ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது வழக்கம். அப்பாவும் அப்படியே கட்டிக்கொண்டு மேடை ஏறினார். பேச்சாளர் அந்தத் துண்டை அவிழ்த்து, மிராசுதார் கண்ணெதிரே, "ஐயா, இது இருக்க வேண்டிய இடம் இது" என்று அப்பாவின் தோளில் போட்டார். திடலே விசில் அடித்தது. அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டை விரலை நீட்டினார். அவர் கைநாட்டு வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

அடுத்த குறுவைக்கு அப்பா நாற்றுக்கட்டோடு போனபோது வயலில் வேறு ஆட்கள் நின்றார்கள். நிலத்தை மிராசுதார் விற்றுவிட்டார். தாலுகா ஆபீஸுக்கு ஓடினோம். குமாஸ்தா பத்திரத்தைப் படித்தார். குத்தகை உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி, கீழே அப்பாவின் கட்டை விரல். பேச்சாளரைத் தேடிப் போனால் வீட்டில் இல்லை என்றார்கள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அப்பா கூலிக்குப் போக ஆரம்பித்தார். துண்டு மறுபடி இடுப்புக்கு வந்தது. நான் படித்து முடித்து ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சரானேன். அப்பாவைச் சும்மா விட்டேனா? சோற்றில் உப்பு குறைந்தால்கூடச் சொல்வேன், "ஒரு துண்டுக்கு ஆறு மாவைக் குடுத்த ஆளுதானே நீ" என்று. ஒருமுறை தம்பியின் மாமனார் வீட்டார் வந்திருந்தபோது அவர்கள் முன்னாலும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். ஒன்பது வருஷம் இப்படி.

ஒருநாள் காலையில் அவர் கிளம்பும்போது மறுபடி அதையே சொன்னேன். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"துண்டுக்கா வெச்சேன்? அந்த ஆளு வாயை நான் என்னிக்கும் நம்புனதில்ல. வைக்க வேணாம்னுதான் வந்தேன். நீ எழுந்திரிச்சு அவரைப் பத்தி இங்கிலீஷ்ல அவ்வளவு நேரம் சொன்ன. நம்ம புள்ள படிச்ச புள்ள, விசாரிக்காம சொல்லாதுன்னு வெச்சேன்."

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ஆமா, அன்னிக்கு என்னதான் சொன்ன?" என்று கேட்டார்.

"நல்லாப் பேசுவாருன்னு சொன்னேன்ப்பா."

"வேற?"

"அதேதான். திரும்பத் திரும்ப."

"அவ்வளவுதானா?" என்றார்.

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். அன்றைக்கு அந்த ஆறு மாவில் வரப்பு வெட்டு. கூலிக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்கள்.