தோற்ற நாளில் அடித்த மணி

அயோவா மாநிலத்தின் ஒரு சிறு கல்லூரியில், அமெரிக்கக் கால்பந்து அணி வென்றால் மட்டுமே மைதானத்து மணி ஒலிக்கும். அதை அடிப்பவர் மைதானக் காவலர் டெல்மர் ஹாஸ்கின்ஸ். மைதானத்துக்கு எதிரிலிருந்த அவர்கள் வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்ட அவர் மனைவி லவெர்னா, வானொலி வர்ணனை படபடப்பைத் தரும் என்று, மணியோசையைக் கேட்டே வெற்றியை அறிந்துவந்தாள். இந்தப் பருவத்தில் மணி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. அவள் கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நவம்பரில், கடைசி ஆட்டத்திலும் அணி படுதோல்வி அடைந்தது. டெல்மர் நேராகச் சென்று மணிக்கயிற்றை இழுத்தார்.

"என்ன பெரியவரே, தோத்ததுக்கும் மணியா? இல்ல, எங்களுக்காக அடிக்கிறீங்களா?" என்று எதிரணி ரசிகன் ஒருவன் சிரித்தான்.

வீட்டில், லவெர்னாவின் தலைமாட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குக் கடைசி ஆட்டமாச்சேன்னு கேட்டேன். நாப்பத்திரண்டுக்கு மூணு! உனக்குக் கணக்கு மறந்துபோச்சாய்யா?"

"நீ ஒரு தடவையாவது கேக்கணும்னுதான்..."

"தெரியும். ஆனா தோத்ததுக்கு அடிச்ச மணி நல்லாவே இல்ல. அடுத்த வருஷம் ஜெயிச்சதும் அடி. ஜன்னலை மட்டும் திறந்து வை."

மறு செப்டம்பரில் அணி முதல் ஆட்டத்திலேயே வென்றது. டெல்மர் முதலில் வீட்டுக்குச் சென்று, ஆளில்லாத அறையின் ஜன்னலைத் திறந்துவைத்தார். அவர் திரும்பி வந்து கயிற்றைப் பிடிக்கும்வரை கூட்டம் காத்திருந்தது.