கடைசி வீட்டில் எத்தனை பேர்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, தாராவியில் எங்கள் சந்து முனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஃபேன், யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில்தான் எனக்கு விஷுவல் பேசிக் சொல்லிக்கொடுத்தார். திரையில் பெட்டி வரைய வேண்டும், பொத்தான் வரைய வேண்டும், பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுத வேண்டும். என் முதல் புரோகிராமில் இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னேன். அது இருபத்துமூன்று என்றது. நாம் அடித்தது எண் என்று எடுத்துச் சொல்லாவிட்டால், அது எழுத்தென்று நினைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுமாம். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்றிலிருந்து அந்தப் பெட்டிகள்மேல் ஒரு பயம்.

அப்புறம் கழித்தல் வந்தது, பெருக்கல் வந்தது. வகுத்தல் வந்ததும் மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் சந்துக்கு ஒரே குழாய், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அந்த வாரம்தான் குடச்சண்டையில் ஒருவருக்கு மண்டை உடைந்திருந்தது. இனி சண்டையே வேண்டாம், ஆளுக்கு இத்தனை நிமிஷம் என்று என் மருமகள் கம்ப்யூட்டரில் பிரித்துத் தருவாள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். மருமகளுக்கு அப்போது பத்து வயது.

அம்மா அன்று தம்பியோடு பேசவில்லை. என்னிடம் மட்டும், "ஏட்டி, ஒரு நிமிசம் கூடக் கொறைய வந்தாலும் சந்தே நம்மளத்தான் ஏசும், பாத்துக்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடை வாசலில் கூடினார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி வரைந்து வைத்திருந்தேன். எத்தனை பேர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். வேர்வையில் மவுஸ் வழுக்கியது. மண்டையை உடைத்தவரான முதல் வீட்டுப் பெரியப்பா எடுத்ததுமே ஒரு சட்டம் போட்டார். ராத்திரி இங்கே வந்து படுக்கிறவர்களுக்கு மட்டும்தான் தண்ணீர். துபாயில் இருக்கும் கொழுந்தனையும் சேர்க்கச் சொன்ன ஒரு சித்தியை அவர் வாயையே திறக்க விடவில்லை. கைக்குழந்தை முழு ஆளா என்று வேறு ஒரு சண்டை நடந்தது. குழந்தைத் துணி துவைக்கத்தான் தண்ணீர் அதிகம் என்று பெண்கள் கத்தியதில் குழந்தை முழு ஆளாகிவிட்டது.

கடைசி வீட்டு அத்தையின் முறை வந்தது. அவர், அவர் வீட்டுக்காரர், மகள் என்று மூன்று பேர். மகன் முந்தின மழைக்காலத்தில் ஒருநாள் காலை வேலைக்கு ரயிலேறிப் போனவன், திரும்பி வரவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"நாலு பேரு" என்றார் அத்தை.

எனக்கு விரல் ஓடவில்லை. நாலென்று அடித்தால் எல்லோருடைய பங்கும் குறையும். மூன்றென்று அடித்தால் அத்தை ஏசுவார். சட்டத்தைச் சொல்லட்டும் என்று பெரியப்பாவைப் பார்த்தேன். அம்மா குனிந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாலுன்னே போடு, பிள்ள" என்றார் பெரியப்பா.

போட்டேன். பொத்தானை அமுக்கினேன். எல்லா வீட்டுக்கும் பங்கு வந்தது, கூட்டிப் பார்த்தால் மொத்தமும் சரியாக இருந்தது. மாமா கூட்டத்தைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று அம்மாவிடம் கேட்டேன். பேசாமல் சாப்பிடு என்றாள்.

அதன்பிறகு பல மாதம் எனக்குச் சாயங்காலம் என்றாலே பயம். விடை தப்பு என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குழாயடியிலேயே நின்றுகொண்டிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. அரைக் குடத்துக்கு மண்டையை உடைத்த பெரியப்பா, நாலு பேருக்கான நேரத்தை அத்தை முடிக்கும்வரை காலிக் குடத்தோடு சும்மா நிற்பார். அத்தையின் வீட்டுக்காரர் லீவு நாளெல்லாம் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்துகொண்டிருந்தது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. மகன் இனி வரமாட்டான் என்று அதுவரை எங்கள் சந்தில் ஒருவரும் அத்தையிடம் சொன்னதில்லை. அன்று மூன்று என்று அடித்திருந்தால் அதை முதலில் சொன்னவள் நானாக இருந்திருப்பேன்.