வாய் திறக்காமல் வாங்கிய கம்பளிகள்

நன்கொடை வசூல் என்பது, தெரிந்தவர்களிடமே கேட்கக் கூசுவதைத் தெரியாதவர்களிடம் போய்க் கேட்கிற தொழில். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்க வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிற என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்ந்த கதை

கல்லூரிப் படிப்பை முடித்து மலைநாட்டு ஹட்டனுக்கு ஆசிரியையாக வந்த புதிதில், இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் மாதர் சேவைச் சங்கத்தின் தலைவி அவர்தான். கூடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குடையை எங்கே வைப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவைப் பற்றிப் பேசினார்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். படுக்கச் சாக்கு, சாய்ந்தால் ஈரச் சுவர். போன மழையில் பாதிப் பிள்ளைகள் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். இந்த மழைக்கு முன்னால் எல்லாப் பிள்ளைக்கும் கம்பளிப் போர்வை வாங்கியாக வேண்டும். உண்டியல் யார் ஏந்துவது என்று கேட்டபோது ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மாமியார், இன்னொருவருக்கு இரண்டும். நான் மட்டும் எதுவும் சொல்லவில்லை. டாக்டரம்மா தகர உண்டியலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"மறுபேச்சு பேசாத பிள்ளை நீ ஒருத்திதாம்மா. குடையை அந்த மூலையில வச்சிரு."

ரயில் நின்ற நேரம்

முதல் வசூல் ஹட்டன் ஸ்டேஷனில். சொல்ல வேண்டியதை வீட்டில் கண்ணாடி முன் நின்று நன்றாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ரயில் நின்றதும் ஜன்னல் ஜன்னலாகப் போனேன். வாய் திறக்கவில்லை. உண்டியலை மட்டும் நீட்டினேன்.

ஒரு சிங்களப் பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "பாவம், பேச வராது போல" என்று தம் மனைவியிடம் சிங்களத்தில் சொன்னார். அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். செய்தி பெட்டி முழுக்கப் பரவியது. கைகள் வெளியே நீண்டன. 'எனக்குப் பேச வரும்' என்று அப்போது சொல்ல வேண்டுமானால், அதற்கும் பேசத்தானே வேண்டும்? ஒருவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறவள். ரயில் போன பிறகு மெதுவாக வந்தார்.

"டீச்சரம்மா, ரயிலு சுரங்கத்துக்குள்ள போயிருச்சு. இனிமே நீங்க பேசலாங்க."

பெரட்டில் ஒரு புது ஆள்

தோட்டத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைக்கிற நேரம் காலைப் பெரட்டு. வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் அந்த இடத்துக்கு ஒரு விடுமுறை நாளில் உண்டியலோடு போனேன். தூறல். பாக்கியம் என்ற பெண் தன் பழைய கம்பளி ஒன்றை என் தலைமேல் போட்டுவிட்டாள். இருட்டும் மூட்டமுமாக இருந்தது. கணக்கப்பிள்ளை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, என் முன்னால் நின்று, "என்ன நிக்கிற? ஆறாம் நம்பர் மலைக்கு நட" என்றார்.

நடந்தேன். உங்களில் யாராவது இருந்தாலும் நடந்திருப்பீர்கள்.

மலையில் உண்டியல் குலுங்கிய சத்தத்தில்தான் பெண்களுக்கு விஷயம் தெரிந்தது. சிரித்துச் சிரித்துச் செடியைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்கு வசூல் என்று பாக்கியத்திடம் மட்டும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவளுடைய கைக்குழந்தை கீழே பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தது. போன மழையில் மூச்சு விடத் திணறிய பிள்ளைகளில் அதுவும் ஒன்று. அவளே உண்டியலை வாங்கி அடுத்த நிரைக்குக் கொடுத்தாள். நிரை நிரையாகப் போய்வந்தபோது அது கனத்திருந்தது. அதுவரை சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால், நானும் பறித்து அவள் கூடையில் போட்டேன்.

கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை பாக்கியத்தின் கூடையிலிருந்து முற்றின இலைகளை அள்ளிக் காட்டி, "இது எவ பறிச்சது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கம்பளி நழுவியது. கைக்கடிகாரத்தையும் சேலையில் குத்தியிருந்த சங்கத்துச் சின்னத்தையும் பார்த்த அந்த மனிதருக்கு என்னைவிட அதிகமாக நாக்கு ஒட்டிக்கொண்டது. பாக்கியத்துக்கு ஒட்டவில்லை.

"ஏங்கய்யா, மத்தியானம் வரைக்கும் வேல வாங்கிட்டீங்க, அந்த அம்மாவுக்கு அரைநாள் கூலிக்கு அரைப்பேராவது போடுங்க."

நாடா கட்டிய போர்வைகள்

போர்வைகள் வந்தன. மழையும் அன்றைக்கே வந்தது. பிள்ளைக்காம்பரா மேசையில் போர்வைகளைக் கோபுரம்போல அடுக்கிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து நாடாவை வெட்ட வேண்டும். படம் பிடிக்க வேண்டும். நான் நன்றியுரை சொல்ல வேண்டும். துரை வரவில்லை. காற்று சுவரின் ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் நுழைந்தது. பாக்கியத்தின் குழந்தை இருமத் தொடங்கியது. பிறகு நிறுத்தவே இல்லை. நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பாக்கியம் என்னையே பார்த்தாள்.

'கொடுத்துவிடலாமே' என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அது வரவில்லை. பின்பக்கமாகப் போய், அடியிலிருந்து ஒரு போர்வையைச் சத்தமில்லாமல் உருவினேன். கோபுரம் நாடாவோடு சரிந்து தரையெல்லாம் பரவியது. தாய்மார் குனிந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். துரை வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பாக்கியத்தின் குழந்தை இருமவில்லை. வெட்டுவதற்கு நாடா மட்டும் என் கையில் இருந்தது. டாக்டரம்மா என் காதருகே குனிந்தார்.

"உனக்குப் பேச்சு வராதுன்னு தெரியும், கை சும்மா இருக்காதுன்னு யாரும் சொல்லலியே."

அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் செயலாளராக என் பெயரை முன்மொழிந்து, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம் என்று ரொம்ப நேரம் காத்திருந்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன்.