ஆட்டுத்தோலில் வந்த பெருங்காயம்

குடலைப் புரட்டும் நாற்றம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, பதுளைக் கடைவீதியில் அப்பா நடத்திய பலசரக்குக் கடைக்கு வந்திறங்கும் பெருங்காயம்தான். எங்கோ ஆப்கானிஸ்தான் மலைகளில் ஒரு செடியின் கிழங்கைக் கீறி, வடிகிற பாலை உறையவிட்டு எடுக்கிற பிசின் அது என்று அப்பா பெருமையடிப்பார். தம்பிக்கு வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றி அதைக் குழைத்துப் பூசுவார்கள், எனக்குப் பல் வலித்தால் சொத்தைக் குழிக்குள் அழுத்துவார்கள், ரசத்தில் கேட்கவே வேண்டாம். என் பின்னலும் பள்ளிச் சட்டையும் நாறின. வகுப்பில் மூக்கைப் பொத்தாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான்.

அவள் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவள். "கவுச்சி தின்கிற பிள்ளை" என்று அம்மா அவளைப் பின்வாசல் படிக்கு மேல் ஏறவிட்டதில்லை. நாங்கள் சுத்த சைவம், முட்டை ஓடுகூட எங்கள் குப்பையில் விழக் கூடாது. மழையிலும் அவள் படியில் நிற்க, நான் உள்ளே உட்கார்ந்திருக்க, இருவரும் சேர்ந்து பாடம் படிப்போம். அவளை ஒருநாளாவது என் பாயில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

ஒரு மழைக்காலத்தில் கடையின் கிடங்கு ஒழுகியதால் அப்பா பெருங்காயப் பொதியை வீட்டுக்குத் தூக்கிவந்து பின்கட்டில் சாக்கைப் பிரித்தார். அதுவரை வெட்டிய துண்டுகளைத்தான் நானும் அம்மாவும் பார்த்திருந்தோம். சாக்குக்குள் பழுப்பாய், உப்பலாய், தைத்த ஒரு பை. படியில் நின்ற ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"இது ஆட்டுத் தோலுங்க முதலாளியம்மா. மயிருகூட ஒட்டியிருக்கு, பாருங்க."

பிசினுக்குள் கறுப்பு மயிர்கள் புதைந்து கிடந்தன. அத்தனை நாள் குடித்த ரசமும் தொண்டைக்கு ஏறிவர, ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அம்மா அதிர்ச்சியிலிருந்து தேறியிருந்தாள்.

"எதுல வந்தா என்ன? மஞ்சத் தண்ணி தெளிச்சா சுத்தமாயிரும்."

"அப்ப ஸ்டெல்லாவுக்கும் தெளிச்சு உள்ள கூப்புடுங்கம்மா" என்றேன். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. ஸ்டெல்லா புத்தகங்களை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள், அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல ரசம் மணத்தது. எங்கள் வீட்டுச் சுத்தம் எனக்குக் குமட்டத் தொடங்கியது அன்றுதான்.

இப்போது தோல் பொதிகள் வருவதில்லை, பிளாஸ்டிக் டப்பாவில் வாசனை செத்த தூள்தான் கிடைக்கிறது. அப்பாவின் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் இன்றும் பெருங்காயம் வாங்குவதில்லை.

போன மாதம் பசறைச் சந்தையில் ஸ்டெல்லாவைக் கண்டேன், தலை நரைத்திருந்தது. இப்போது தடுக்க யாருமில்லை, வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"படிக்கவா வந்து நின்னேன்னு நெனச்ச? உங்கம்மா ஒருநாளாவது உள்ள கூப்புடுவாங்கன்னுதான் நின்னேன்."